கைக் கரப்பான்: கிருமி எங்கே வருகிறது?

கும்பகோணம், மன்னார்குடி பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் பாத்திரம் தேய்க்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால், ஆடி மாதம் கை கொஞ்சம் தேறிவிடும் என்பார்கள். மார்கழியிலும் அப்படித்தான். இரண்டும் முகூர்த்தம் இல்லாத மாதங்கள். தை பிறந்து மண்டபம் நிரம்ப ஆரம்பித்ததும் விரல் முழிகளில் வெடிப்பு, விரல் இடுக்கில் நமைச்சல், உள்ளங்கை ஓரத்தில் கடுகளவு நீர்க்கொப்புளம் எல்லாம் திரும்ப வந்துவிடும். நாகப்பட்டினத்தில் இறால் உரிப்பவர்கள், திருபுவனத்தில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுபவர்கள், கொத்தனார்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள், குறுவை நடவுக்கு நாற்றுப் பறிப்பவர்கள் என்று கையால் பிழைக்கும் பலருக்கும் இந்தத் தொந்தரவு தெரியும்.

ஏன் வருகிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "கையில கிருமி புடிச்சிருக்கு." ஆகவே வைத்தியமும் ஒன்றுதான். இன்னும் நன்றாகத் தேய்த்துக் கழுவுவது, டெட்டால் மாதிரி திரவத்தை வெந்நீரில் கலந்து கை நனைப்பது, மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுவது.

இதில் பாதி உண்மை. புண்ணில் பாக்டீரியா இருக்கிறது, அது நோயை வளர்க்கவும் செய்கிறது. ஆனால் பெரும்பாலும் அது நோயைத் தொடங்கி வைப்பதில்லை. அதைக் கொல்ல நினைத்துக் கழுவும் ஒவ்வொரு கழுவலும் அதற்கே வசதி செய்து கொடுக்கிறது. எப்படி என்று பார்க்கலாம்.

முதலில் நோயைப் பற்றி. ஆங்கில மருத்துவத்தில் எக்ஸிமா என்பதை நம் ஊரில் கரப்பான் என்கிறோம். கையில் வரும் கரப்பான் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, ஆறிவிட்டு ஒரே வருடத்தில் இரண்டு முறையாவது திரும்ப வந்தாலோ அதை நாள்பட்டது என்று கணக்கில் எடுக்கிறார்கள். இது அபூர்வ நோயல்ல. பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எந்த ஒரு வருடத்திலும் நூறு பேரில் சுமார் 9 பேருக்குக் கைக் கரப்பான் இருந்தது.

இது ஒட்டுவாரொட்டி இல்லை. கரப்பான் உள்ள கையால் பரிமாறினால், குழந்தையைத் தூக்கினால், யாருக்கும் கரப்பான் வராது. இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கையோடு இருக்கும் மருமகளைத் தனித் தட்டு வைத்துக்கொள்ளச் சொல்லும் வீடுகள் இன்னும் உண்டு.

கரப்பான் மாதிரி தெரியும் வேறு நோய்களும் இருக்கின்றன. ஒரு கையில் மட்டும் உலர்ந்து செதில் உதிர்ந்து, இரண்டு பாதங்களிலும் அதே போல் இருந்தால் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். விரல் இடுக்கில் ராத்திரியில் அரிப்பு கூடி, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் அது சிரங்காக இருக்கலாம். அது ஒட்டும். சொரியாசிஸும் உள்ளங்கையில் வரும். இவற்றுக்கெல்லாம் மருந்து வேறு வேறு.

தோலில் ஏற்கனவே குடியிருப்பவர்கள்

கையைக் கழுவித் துடைத்து எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் அதில் பாக்டீரியா இல்லாமல் போகாது. 1938-லேயே பிலிப் பிரைஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், கையில் இருக்கும் கிருமிகளை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். நிரந்தரமாகக் குடியிருப்பவை ஒரு வகை. எதையாவது தொட்டதும் வந்து ஒட்டிக்கொண்டு, கழுவினால் போய்விடுபவை இன்னொரு வகை. நிரந்தரக் குடிகளை முழுக்க விரட்ட முடியாது, விரட்டவும் கூடாது.

அந்தக் குடிகளில் முக்கியமானது ஸ்டாஃப் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியா. முழுப் பெயர் ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். ஆரோக்கியமான ஆளின் தோலில் இது பொதுவாகச் சாதுவாகவே இருக்கிறது. இதன் ஒன்றுவிட்ட தம்பி ஸ்டாஃப் ஆரியஸ்தான் நம் கதையின் வில்லன், அல்லது வில்லனின் அடியாள். சீழ்க்கட்டி, புண்ணில் மஞ்சள் பொருக்கு, கண்கட்டி இவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இதுதான்.

நடவு வயலில் பயிர் நெருங்கி நின்று தண்ணீரும் கட்டி நின்றால் களை தலையெடுக்காது. நாற்று செத்து இடைவெளி விழுந்த இடத்தில்தான் கோரை கிளம்பும். தோலிலும் அதே கணக்குதான். எபிடெர்மிடிஸும் அதன் கூட்டாளிகளும் இடத்தையும் உணவையும் பிடித்துக்கொண்டிருக்கும் வரை ஆரியஸ் பெருக முடிவதில்லை. அது மட்டுமில்லை, இவற்றில் சில வகைகள் ஆரியஸைக் கொல்லும் பொருள்களையே சுரக்கின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ரிச்சர்ட் கேலோவின் குழு 2017-ல் இதைக் காட்டியது. ஆரோக்கியமான தோலில் இப்படிச் சுரக்கும் பாக்டீரியா நிறைய இருந்தன. சின்ன வயதிலிருந்தே வரும் பரம்பரைக் கரப்பான்காரர்களின் தோலில் அவை குறைந்திருந்தன. அவர்கள் தோலிலிருந்தே அந்த நல்ல பாக்டீரியாவை எடுத்து வளர்த்துத் திரும்பப் பூசியபோது ஆரியஸ் குறைந்தது. அந்த ஆய்வு கைக் கரப்பானில் நடந்ததில்லை, ஆனால் இரண்டும் நெருங்கிய உறவு. சிறு வயதில் பரம்பரைக் கரப்பான் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் கையில் வரும் வாய்ப்பும் அதிகம்.

வயலில் கட்டி நிற்கும் தண்ணீரின் வேலையைத் தோலில் செய்வது அமிலம். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான புளிப்புத் தன்மை கொண்டது, பி.எச். (புளிப்பையும் காரத்தையும் அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) அளவில் சுமார் 5. அந்தப் புளிப்பு ஆரியஸுக்கு ஒத்துவராது. தோலின் மேலடுக்கில் இருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் உடைந்து, நீரைப் பிடித்து வைக்கும் பொருள்களாகவும் சில அமிலங்களாகவும் மாறுகிறது. அதாவது ஈரப்பதமும் புளிப்பும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீனின் குழு, இந்தப் புரதத்துக்கான மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டுபிடித்தது. அதுவரை ஒவ்வாமை நோயாகவே பார்க்கப்பட்ட கரப்பானில் தோலின் மேலடுக்குக்கு எவ்வளவு பங்கு என்பது அதன் பிறகுதான் பலருக்கும் உறைத்தது.

கை எப்படித் திறந்துகொள்கிறது

சாதாரண சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை. ஒரு தடவை கழுவினால் தோலின் புளிப்பு குறையும், பிறகு மெல்லத் திரும்பி வரும். அது திரும்புவதற்குள் அடுத்த கழுவல், அதற்கடுத்த கழுவல் என்று போனால் பழைய நிலைக்கு வரவே நேரம் கிடைக்காது. சோப்பு, செல்களுக்கு நடுவே இருக்கும் கொழுப்பையும் கரைத்துக்கொண்டு போகிறது. உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது, அதனால் போன எண்ணெயை உடனே ஈடுகட்டவும் வழியில்லை. ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலோ, இருபது தடவைக்கு மேல் கழுவினாலோ அதை ஈரவேலை என்று தொழில்நல மருத்துவத்தில் வகைப்படுத்துகிறார்கள். மண்டபத்தில் ஒரு பந்திக்கே அந்தக் கணக்கு முடிந்துவிடும். 2020-ல் கொரோனா வந்தபோது உலகம் முழுக்க மருத்துவப் பணியாளர்களிடம் கைக் கரப்பான் கூடியதும் இதே காரணத்தால்தான்.

காவிரி டெல்டாவுக்கென்றே சில கூடுதல் சங்கதிகள் உண்டு. கடலோரம் போகப் போகக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கும். சோப்பு நுரைக்காது, நுரைக்கவில்லை என்று இன்னும் கொஞ்சம் தேய்ப்போம். கடின நீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து சோப்பு ஒரு பிசுக்காக மாறித் தோலிலேயே தங்கிவிடும். அப்புறம் சாம்பல். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்ப்பது இயற்கையானது, அதனால் கெடுதல் இல்லை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. விறகுச் சாம்பல் கரைந்த தண்ணீர் சோப்பைவிடக் காரமானது. பித்தளைக்குப் போடும் புளியோ எதிர்ப்பக்கம். வெடிப்பில் பட்டால் எரியும். ஈரச் சிமென்ட்டின் காரம் இவை எல்லாவற்றையும் மிஞ்சும், பி.எச். 12-க்கும் மேல். நடவில் சோப்பு இல்லை, ஆனால் மணிக்கணக்கில் சேற்றுத் தண்ணீரில் ஊறினால் தோல் வெளுத்து இளகிவிடும். பிறகு வெயிலில் காயும்போது வெடிக்கும். திரும்பத் திரும்ப ஊறிக் காய்வதே தோலுக்குப் பெரிய தண்டனை.

இதுவரை நடந்ததில் கிருமிக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆரியஸ் உள்ளே வந்த பிறகு

ஆரியஸ் எங்கிருந்து வருகிறது? வெளியே தேட வேண்டாம். சுமார் பத்தில் மூன்று பேரின் மூக்குத் துவாரத்தில் அது எந்தத் தொந்தரவும் தராமல் வசிக்கிறது. மூக்கைத் தொட்ட விரல் வெடிப்பைத் தொட்டால் போதும். டென்மார்க்கில் நடந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் கைக் கரப்பான் உள்ள 50 பேரையும் இல்லாத 50 பேரையும் சோதித்தார்கள். நோயாளிகளில் 24 பேர் கையில் ஆரியஸ் இருந்தது. மற்றவர்களில் 4 பேரிடம் மட்டும். கரப்பான் கடுமையாக இருந்தவர்களிடம் அது அதிகமாகக் காணப்பட்டது. பலரிடம் மூக்கிலும் கையிலும் ஒரே வகை ஆரியஸ்.

வந்ததும் அது சும்மா இருப்பதில்லை. காய்ந்து, புளிப்பு இழந்த செல்களில் நன்றாக ஒட்டிக்கொள்கிறது. தன்னைச் சுற்றி ஒரு வழுவழுப்பான உறையைக் கட்டி அதற்குள் கூட்டமாகக் குடியேறுகிறது. அந்த உறைக்குள் மருந்து சுலபத்தில் போய்ச் சேராது. செல்களைப் பிணைத்திருக்கும் புரதங்களை வெட்டும் நொதிகளைச் சுரந்து, ஏற்கனவே இருக்கும் ஓட்டையைப் பெரிதாக்குகிறது. அதன் நச்சுப் பொருள்களில் சில, உடலின் எதிர்ப்புச் செல்களைத் தேவைக்கு மீறித் தூண்டி விடுகின்றன. நாலு பேரை எழுப்ப வேண்டிய இடத்தில் ஊரையே எழுப்பிவிடும் அளவுக்கு. அதனால்தான் கை சிவந்து வீங்குகிறது. இதைத்தான் அழற்சி என்கிறார்கள்.

அரிப்பு விஷயத்தில் 2023-ல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியிலிருந்து வந்த ஒரு கண்டுபிடிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. வீக்கம் வந்து அதனால் அரிக்கிறது என்றுதான் பொதுவாக நினைத்திருந்தோம். ஆரியஸ் சுரக்கும் ஒரு நொதி, தோலில் உள்ள நரம்பு நுனிகளை நேரடியாகவே தூண்டி அரிப்பை உண்டாக்குகிறது என்று எலிகளில் காட்டினார்கள். கிருமியே நம்மைச் சொறிய வைக்கிறது. சொறிந்தால் தோல் இன்னும் கிழிகிறது, நகக்கண்ணில் ஒட்டிய ஆரியஸ் அடுத்த இடத்துக்குப் போகிறது. அதற்கு இதைவிட என்ன வேண்டும்!

இன்னொரு சிக்கல் நம் உடலே செய்வது. கரப்பானில் கிளம்பும் எதிர்ப்பு வினையில் இன்டர்லூகின் 4, 13 என்ற இரண்டு சமிக்ஞைப் புரதங்கள் முன்னணியில் நிற்பதுண்டு. பரம்பரைக் கரப்பானில் இது தெளிவாகத் தெரிந்த விஷயம், கைக் கரப்பானின் சில வகைகளிலும் உண்டு. இவை ஃபிலாக்ரின் உற்பத்தியைக் குறைக்கின்றன. தோல் தானாகச் சுரக்கும் கிருமிக்கொல்லிப் பொருள்களையும் குறைக்கின்றன. ஆக, தோல் உடைந்தால் ஆரியஸ் பெருகும், ஆரியஸ் பெருகினால் அழற்சி கூடும், அழற்சி கூடினால் தோல் இன்னும் உடையும். மூன்று மாதம், மூன்று வருடம் என்று நோய் நாள்படுவது இந்தச் சுற்றுக்குள் மாட்டிக்கொள்வதால்தான்.

சரி, சுற்று என்றால் எந்த இடத்தில் வெட்டினாலும் நிற்க வேண்டுமே, கிருமியைக் கொன்றே நிறுத்தினால் என்ன? நியாயமான கேள்வி. சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கரப்பானில் ஆரியஸைக் குறைக்கும் சிகிச்சைகள் பற்றிய ஆய்வுகளைக் காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு 2019-ல் தொகுத்துப் பார்த்தது. சீழ் வைக்காத கரப்பானுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்ததில் பெரிய பலன் தெரியவில்லை. ஸ்டீராய்டு களிம்போடு ஆன்டிபயாட்டிக் களிம்பைச் சேர்த்ததில் கிடைத்த கூடுதல் நன்மையும் சொற்பம். மருந்தை நிறுத்தினால் மூக்கிலிருந்து ஆரியஸ் திரும்ப வந்துவிடும். எபிடெர்மிடிஸும் மருந்தில் அடிபட்டிருக்கும், காலி இடத்துக்குப் போட்டியே இருக்காது. மருந்துக்கு அடங்காத ஆரியஸ் உருவாகும் ஆபத்து தனி.

எதிர்ப்பக்கம் பாருங்கள். அழற்சியை மட்டும் அடக்கும் ஸ்டீராய்டு களிம்பைப் போட்டால், அதில் கிருமிக்கொல்லி எதுவுமே இல்லாமல், தோலில் ஆரியஸ் குறைகிறது. இன்டர்லூகின் 4, 13 இரண்டையும் தடுக்கும் டுபிலுமாப் ஊசி பரம்பரைக் கரப்பானில் இதையே செய்கிறது. அதுவும் ஆன்டிபயாட்டிக் இல்லை. தோலை மூடினால் கிருமி தானே இறங்குகிறது. கிருமியை மட்டும் அடித்தால் தோல் மூடுவதில்லை. யார் முதலாளி, யார் அடியாள் என்று எனக்குச் சந்தேகம் தீர்ந்தது இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான்.

எப்போது கிருமியைத்தான் கவனிக்க வேண்டும்

கிருமி தங்கியிருப்பதும் தொற்று பிடிப்பதும் ஒன்றில்லை. புண்ணிலிருந்து பஞ்சில் எடுத்துச் சோதித்து, "ஸ்டாஃப் ஆரியஸ் வளர்ந்தது" என்று லேப் ரிப்போர்ட் வந்தால் பலர் பதறிப் போகிறார்கள். மேலே சொன்ன கணக்குப்படி கைக் கரப்பான் உள்ள பாதிப் பேருக்கு அப்படித்தான் வரும். ரிப்போர்ட்டைவிடக் கையைப் பார்ப்பது முக்கியம். தேன் நிறத்தில் பொருக்குக் கட்டுவது, சீழ் வைப்பது, ஓரிரு நாளில் திடீரென்று மோசமாவது, அரிப்பு போய் வலி முன்னுக்கு வருவது, கை சூடாக வீங்குவது இவை தொற்றின் அடையாளங்கள். காய்ச்சல், அக்குளில் நெறி கட்டுவது, கையிலிருந்து மேலே சிவப்புக் கோடு ஏறுவது இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்னும் சீக்கிரம். இப்படிப்பட்ட நேரத்தில் ஆன்டிபயாட்டிக் தேவை, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடவும் வேண்டும்.

சமையல் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. கரப்பான் ஒட்டாது என்றேன், சீழ் வைத்த கை வேறு விஷயம். ஆரியஸ் சாப்பாட்டில் விழுந்து, அது அறை வெப்பத்தில் சில மணி நேரம் கிடந்தால், நஞ்சு உண்டாகிவிடும். பிறகு கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகும், நஞ்சு சுலபத்தில் அழியாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வரும். சீழ்ப் புண் ஆறும் வரை சமைத்த உணவில் கை வைக்காமல் வேறு வேலை பார்ப்பதுதான் நல்லது. கூலி வெட்டாமல் அந்த வேலையைக் கொடுப்பது மேஸ்திரியின் பொறுப்பு.

கையை மூடுவது

வாசனை இல்லாத, கெட்டியான களிம்புதான் அடிப்படை. வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி மலிவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஒவ்வொரு முறை கை நனைந்து துடைத்த பிறகும், படுக்கப் போகும்போதும் தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய்க்கும் ஓரளவு ஆதாரம் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் நடந்து 2008-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், பரம்பரைக் கரப்பான்காரர்களுக்கு ஆலிவ் எண்ணெயைவிடக் காய்ச்சாத தேங்காய் எண்ணெய் ஆரியஸை அதிகம் குறைத்தது. ஆனால் எண்ணெய் சீக்கிரம் வழிந்துவிடும், ஆழமான வெடிப்புக்குக் களிம்புதான் சரி. மஞ்சள், வேப்பிலை, உப்பு வைத்து அரைத்த குப்பைமேனி எதையும் வெடித்த கையில் பூச வேண்டாம் என்பது என் கருத்து. சேராங்கொட்டையைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது, அதன் பால் நல்ல தோலையே கொப்புளிக்க வைக்கும்.

நீர் வடியும் கரப்பானுக்கு டாக்டர்கள் பொட்டாசியம் பர்மாங்கனேட் கரைசல் சொல்வதுண்டு. பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது தண்ணீர் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் போதும். நாவல்பழ நிறம் வரும்வரை போட்டால் தோல் வெந்துவிடும். கரையாத துகள் ஒன்று தோலில் பட்டாலே சுடும்.

ஸ்டீராய்டு களிம்பைப் பற்றி இரண்டு எதிரெதிர் தவறுகள் நடக்கின்றன. பயந்துகொண்டு டாக்டர் எழுதியதை அரைகுறையாகப் போடுவது ஒன்று. ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றாகக் கலந்த ட்யூபைத் தானாக வாங்கி மாதக்கணக்கில் போடுவது இன்னொன்று. முதல் வாரம் அது எல்லா நோயையும் ஆற்றுவது போலத் தோன்றும், அதுதான் அதன் ஆபத்து. 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தும் பழக்கம் முழுக்கப் போகவில்லை. அளவு தெரியாதவர்களுக்கு ஒரு கணக்கு: ட்யூபிலிருந்து ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குச் சரியாக இருக்கும். ஸ்டீராய்டு இல்லாத டெல்கோசிடினிப் என்ற களிம்புக்கு, நாள்பட்ட கைக் கரப்பானுக்கென்றே, ஐரோப்பாவில் 2024-லும் அமெரிக்காவில் 2025-லும் அனுமதி கிடைத்தது.

கையில் அழுக்கு தெரியாதபோது சோப்புக்குப் பதில் ஆல்கஹால் சானிடைசர் போடலாம். வெடிப்பில் எரியும், அதனால் கெடுதல் என்று நினைப்போம். சோப்பும் தண்ணீரும் செய்யும் சேதத்தைவிட இது குறைவு. பாத்திர வேலைக்குக் கையுறை வேண்டும், உள்ளே மெல்லிய பருத்திக் கையுறையும் வேண்டும். வெறும் ரப்பருக்குள் வேர்த்து ஊறினால் அதுவும் ஈரவேலைதான். உள்ளே தண்ணீர் புகுந்ததும் கழற்றி மாற்ற வேண்டும்.

கை ஆறியது போலத் தெரிந்தாலும் தோலின் தடுப்பு பழையபடி ஆக வாரங்கள், சிலருக்கு மாதங்கள் பிடிக்கும். அதுவரை களிம்பை நிறுத்தக் கூடாது. இவ்வளவும் செய்து ஆறவில்லை என்றால் ஒவ்வாமை ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டும். முதுகில் சிறு ஒட்டுகளாக வைத்து இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் அதற்குத்தான். தோல் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைகளில் விசாரிக்கலாம். சிமென்ட்டில் உள்ள குரோமியம், சோப்பின் வாசனைப் பொருள், கவரிங் நகையின் நிக்கல் இவை வழக்கமான குற்றவாளிகள். வலது கையில் கத்தி பிடித்து நறுக்கும் வேலை, இடது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மட்டும் வெடிப்பு என்றால், அந்த விரல்கள் தினமும் பிடித்துக்கொள்ளும் பூண்டைச் சந்தேகிக்கலாம். சில சமயம் காரணம், பாதுகாப்புக்கென்று போட்ட ரப்பர் கையுறையில் கலந்த ரசாயனமாகவே இருக்கும். அப்படியானால் வினைல் கையுறைக்கு மாறிக்கொள்ளலாம்.